ஆளுக்கோர் அட்டவணை

1990களின் நடுவில் கிள்ளானில் ஒரு சிறிய அச்சகத்தில் தமிழ் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். வீடு தெலுக் பங்லிமா காராங்கில். கடையில் இருந்தது ஒரே கணினி. அதற்குள் ஏழெட்டுத் தமிழ் எழுத்துருக்கள். ஒன்றில் அடித்ததை இன்னொன்று படிக்காது. கல்யாணப் பத்திரிகையை ஒன்றில் அடிப்போம், கோயில் திருவிழா அறிக்கையை வேறொன்றில் அடிப்போம். சம்பந்தி வீட்டார் யாழ்ப்பாணத்து வழி என்றால் அவர்கள் வட்டில் கொண்டுவருவது பாமினியாக இருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகள் வரிசையாக நிற்கும். "என்னக்கா, எம்பொண்ணு பேரு எங்க போச்சு?" என்று பதறுவார் வந்தவர். முழுவதையும் மறுபடி அடிப்போம். அந்த வேலைக்குக் காசு கேட்க முதலாளிக்கு மனம் வராது. எங்கள் இரவுகள் அதில் போயின.

கணினி அப்படித்தான், என்ன செய்வது என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, தமிழுக்கு மென்பொருள் செய்தவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. அந்தச் சண்டையின் வரலாறு மேடைகளில் சொல்லப்படுவதில்லை. மாநாட்டு மலர்களில் வாழ்த்துரைகள் இருக்கின்றன, குழுப் படங்கள் இருக்கின்றன. விசைப்பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் நான் அதை எழுத நினைக்கிறேன்.

அந்தக் காலக் கணினி ஓர் எழுத்தை எட்டு பிட்டில் வைத்தது. மொத்தம் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் போய்விடும். எஞ்சிய 128இலும் சில இடங்களை இயங்குதளங்கள் தமக்கென்று பிடித்து வைத்திருந்தன. தமிழின் 247 எழுத்தையும் கிரந்த எழுத்துகளையும் அந்த மிச்சத்துக்குள் அடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தனி இடம் கொடுக்க வழியில்லை. கொம்பையும் காலையும் துண்டாக வைத்து எழுத்தோடு ஒட்ட வேண்டும்; கு, கூ, மு, மூ போல ஒட்டினால் உருக்கெடுவதை முழுதாக வைக்க வேண்டும். எதை வெட்டுவது, எதை வைப்பது, எதை எந்த எண்ணில் உட்காரவைப்பது என்று ஒவ்வொரு மென்பொருளாளரும் தாமே முடிவு செய்தார். ஆளுக்கோர் அட்டவணை பிறந்தது அப்படித்தான். தொடக்கத்தில் இதில் யார்மீதும் குற்றம் சொல்ல மாட்டேன். கலந்து பேச ஓர் அமைப்பு இல்லை, முன்மாதிரி இல்லை. இந்திய அரசின் இஸ்கி என்ற குறியீட்டு முறை 1988இல் வந்தது; ஆனால் அது எல்லா இந்திய மொழிகளையும் தேவநாகரி அச்சில் வார்த்தது. தமிழுக்கு அது ஒட்டவில்லை.

தமிழ் எழுத்து இயந்திரத்துக்குள் போன கதையில் எங்கள் மண்ணுக்குப் பங்கு உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் பிழைக்க வந்தவர். கணினிக் காலத்திலும் அப்படியே. எங்கள் ஊரிலிருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. செம்பனைத் தோட்டங்களும் மாமெரி மக்களின் குடியிருப்புகளும் உள்ள தீவு. அங்கே வேர் கொண்ட குடும்பம் கவிஞர் முரசு நெடுமாறனுடையது. ஆசிரியர் அவர், மலேசியத் தமிழ்க் கவிதைகளைக் களஞ்சியமாகத் தொகுத்து 1997இல் வெளியிட்டவர். அவர் மகன் முத்து நெடுமாறன் 1985இல் கணினியில் தமிழைக் கொண்டுவரத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் முரசு அஞ்சல் ஆனது. தோட்டத்துப் பின்னணியிலிருந்து ஒருவர் தமிழ் எழுத்துகளை வரைந்து, அதற்கு நிரலும் எழுதி, அதை எங்கள் கடைக் கணினியில் நாங்கள் பயன்படுத்தியது எனக்கு இன்றும் பெருமை.

ஆனால் அதே காலத்தில் கனடாவில் கே. சீனிவாசன் ஆதமி என்ற மென்பொருளைச் செய்திருந்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளரான கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனைச் செய்தார். ஈழத்தில் பாமினி பரவியது. சென்னையில் அச்சகங்களுக்கும் நாளிதழ்களுக்கும் எழுத்துரு விற்ற நிறுவனங்கள் ஒரு பட்டாளம். ஒவ்வொருவர் மேசையிலும் ஓர் அட்டவணை.

கோவிந்தசாமியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர். 1995இல் சிங்கப்பூரின் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றினார்கள். அதில் தமிழ் இடம்பெற அவர் உழைப்பே காரணம். இணையத்தில் தமிழ் தெரிந்த முதல் இடங்களில் அது ஒன்று. தமிழுக்கு ஒரே குறியீடு வேண்டும் என்று வற்புறுத்தி, பேராசிரியர் டான் டின் வீயோடு சேர்ந்து 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். எல்லாரும் ஓர் அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தார்கள், ஒப்பவில்லை. 1999 மே மாதம், 53 வயதில், கோவிந்தசாமி இறந்துபோனார். ஒரே தரம் வந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவது மாநாடு. தமிழ்நாட்டு அரசு நடத்தியது, முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னின்றார். விசைப்பலகையில் ஒற்றுமை வந்தது. தமிழ் 99 என்ற அந்த அமைப்பு உயிரெழுத்தை இடக்கைக்கும் மெய்யெழுத்தைப் பெரும்பாலும் வலக்கைக்கும் கொடுத்தது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி வைத்தது. தட்டச்சுக்காரியாகச் சொல்கிறேன், நல்ல அமைப்பு; விரல் களைக்காது. ஆனால் எழுத்துகளின் அட்டவணையில் அந்த ஒற்றுமை வரவில்லை. ஒன்று கேட்ட இடத்தில் இரண்டைத் தந்தார்கள். தமிழோடு ஆங்கிலமும் சேர்த்து எழுத டேப். தமிழ் மட்டும் அச்சிட, கூடுதல் வடிவங்களோடு, டேம். அதே ஆண்டு ஜூனில் அரசு இரண்டையும் தரமாக அறிவித்தது. அச்சுக்காரர்களுக்கு டேம் தேவைப்பட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. துண்டு ஒட்டிய எழுத்து பெரிய அளவில் அச்சாகும்போது அழகு கெடும். நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் யாருடைய மனமும் நோகக் கூடாது என்று இரண்டு தரம் வைத்ததில், தரம் என்பதன் பயனே போயிற்று.

இந்தச் சமயத்தில் வெளிநாட்டுத் தமிழர்கள் மூன்றாவது ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். அதுதான் திஸ்கி. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் என்று பல நாடுகளிலிருந்து பலர் மாதக்கணக்கில் கடிதம் எழுதி, வாதாடி, திருத்தி உருவாக்கியது. ஆங்கிலம் முதல் பாதியில் அப்படியே இருக்கும், தமிழ் மறுபாதியில். அதற்குள்ளும் இடறல்கள் இருந்தன. 'இ' உட்கார்ந்த இடத்தைச் சில மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடாக எடுத்துக்கொண்டன. எழுதியதில் இகரமே மறைந்துவிடும். 1.7ஆம் பதிப்பில் அதற்கு வேறு இடம் கொடுத்தார்கள். இன்று அற்பமாகத் தெரியலாம். அன்று 'இறைவன்' என்று தொடங்கும் நினைவஞ்சலியை அடித்தவளுக்கு அது அற்பமில்லை.

சண்டை வெளிப்படையாக வெடித்தது இங்கேதான். ஆறு கோடிப் பேர் தமிழ்நாட்டில் இருக்க, வெளிநாட்டில் இருக்கும் சில பொறியாளர்கள் தமிழின் எழுத்தை முடிவு செய்வதா என்றது ஒரு பக்கம். அரசுக் குழுவில் எழுத்துரு வியாபாரிகள் உட்கார்ந்துகொண்டு தங்கள் சரக்கைத் தரமாக்கப் பார்க்கிறார்கள் என்றது மறுபக்கம். தொழில்நுட்பக் கேள்விக்குப் பதிலாக ஆளின் பிறப்பும் நோக்கமும் கிளறப்பட்டன. பத்து வருடம் இலவசமாக உழைத்தவரைப் பார்த்து "பேருக்கு அலைகிறான்" என்றார்கள். விற்றுப் பிழைத்தவரைப் பார்த்து "தமிழை விற்கிறான்" என்றார்கள். இவை இரண்டையும் சொன்னவர்களே மாநாட்டு மேடையில் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தி, உலகத் தமிழர் ஒன்றுபட வேண்டும் என்று பேசினார்கள்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இந்த இரட்டை நாக்குதான். கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். பொது அட்டவணை வந்துவிட்டால் வாடிக்கையாளர் எந்த எழுத்துருவுக்கும் மாறிப் போகலாம். விற்பவருக்கு அது நட்டம். அந்த நட்டத்துக்குப் பயந்தவர் அதை நேராகச் சொல்லியிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. தொல்காப்பியத்தை இழுத்தார்கள், தமிழின் தனித்தன்மையை இழுத்தார்கள், தங்கள் அட்டவணையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். எங்களைப் போல அச்சகங்களில் இருந்தவர்கள் அந்தப் பூட்டுக்கு வெளியே நின்றோம். வாங்கியவர்கள் மட்டும் நேர்மையாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. தமிழ் வாழ்க என்று துண்டறிக்கை அடிக்க வந்தவர்களே களவாக நகலெடுத்த தமிழ் மென்பொருளை வட்டில் கொடுத்து, "இதைப் போட்டுக்கிங்கக்கா, காசு வேணாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்தை வரைந்தவன் சாப்பிட வேண்டாமா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

வியட்நாமியர்களுக்கும் இதே பாடு இருந்தது. தாய்நாட்டில் ஒரு குறியீடு, போரில் ஓடி அமெரிக்காவில் குடியேறியவர்களிடம் வேறு குறியீடு, இரண்டுக்கும் பின்னால் அரசியல் பகை. அவர்கள் அரசு 2001இல், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுக் குறியீடான யூனிகோடைத் தேசியத் தரத்துக்கு அடிப்படையாக்கியது. சில ஆண்டுகளில் பழையவை ஒதுங்கின.

நம்மிடம் நல்லதும் நடந்தது. அதை மறைத்தால் நானும் அந்தச் சண்டைக்காரர்களைப் போலாகிவிடுவேன். திஸ்கி வந்ததும் கல்யாணசுந்தரம் தம் மயிலையின் அட்டவணையை விட்டுக்கொடுத்தார். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களைப் பொதுக் குறியீட்டில் வெளியிட்டார். முத்து நெடுமாறன் முரசு அஞ்சலில் திஸ்கியைச் சேர்த்து இலவசப் பதிப்பும் கொடுத்தார். தாம் பல வருடம் கட்டிய வீட்டின் சுவரைத் தாமே இடித்து வழிவிட்டவர்கள் இவர்கள். 2000 ஜூலையில் சிங்கப்பூர் மாநாட்டில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், சுருக்கமாக உத்தமம், பிறந்தது. ஆனந்தகிருஷ்ணன் அதன் முதல் தலைவர். அடுத்த ஆகஸ்டில், 2001இல், மாநாடு எங்கள் கோலாலம்பூருக்கே வந்தது. அந்த நேரத்துக்குள் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் கணினியில் கொண்டுவந்துவிட்டது. திஸ்கியா டேபா என்று அடித்துக்கொண்டிருந்தபோதே இரண்டுக்கும் காலம் முடிந்துகொண்டிருந்தது.

யூனிகோடு தமிழுக்கு நியாயம் செய்ததா? முழுதாக இல்லை. 1991இல் வந்த முதல் பதிப்பு இஸ்கியைப் பின்பற்றியது. அதனால் 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற' என்று நம் நெடுங்கணக்குக்கு ஒவ்வாத வரிசை அமைந்தது. நம் இலக்கணத்தில் 'க்' அடிப்படை, 'க' அதோடு அகரம் சேர்ந்தது. யூனிகோடில் 'க' ஓர் எண், 'க்' இரண்டு எண். தமிழறிந்தவர்கள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடு சேர்த்தியத்தின் உறுதி. மாற்றினால் அதுவரை எழுதியதெல்லாம் சிதறும். எங்கள் கடையில் பத்தாண்டு பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த உறுதியின் அருமை எனக்குத் தெரியும். வரிசையைச் சரிசெய்ய நிரல் எழுதிக்கொள்ளலாம்.

இதை ஏற்காதவர்கள் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் டேஸ் 16 என்ற 16 பிட் முறையை முன்வைத்தார்கள். கணக்கில் அது அழகானது. 2010 ஜூன் 23 அன்று, கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழ்நாட்டு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக அறிவித்தது. 1999இல் செய்ததையே மறுபடி செய்தார்கள். அதற்குப் பின்னும் அங்கே பல அரசு அலுவலகங்களில் பழைய வானவில் எழுத்துருவே ஓடிக்கொண்டிருந்தது. டேஸ் 16இல் ஒரு பக்கம் அடித்துத் தரச் சொல்லி என்னிடம் ஒருவரும் வந்ததில்லை.

2010இன் இறுதியில்தான் கிரந்தச் சண்டை. இரண்டு வெவ்வேறு முன்மொழிவுகள் யூனிகோடு முன் இருந்தன. ஒன்று, சமஸ்கிருதத்தைத் தமிழெழுத்தில் எழுதுவதற்காகத் தமிழ்ப் பகுதியோடு 26 கிரந்தக் குறிகளைச் சேர்க்கக் கேட்டது. இன்னொன்று, கிரந்தத்தைத் தனி எழுத்தாகவே குறியேற்றி, அதற்குள் எ, ஒ, ழ, ற, ன ஐந்தையும் வைக்கக் கேட்டது. பேசியவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள். தமிழைச் சமஸ்கிருதமாக்கும் சதி என்றார்கள் ஒரு சாரார். எழுத்தறியாத வெறியர்கள் என்றார்கள் மறு சாரார். முன்மொழிந்தவர்களின் சாதி பேசப்பட்டது. எங்கள் தலைமுறைக்கு அந்த அச்சம் புரியாததல்ல. மணிப்பிரவாளத்திலிருந்து தமிழை மீட்ட வரலாறு நமக்கு உண்டு, காவல் நிற்க உரிமையும் உண்டு. தமிழ்நாட்டு அரசு மத்திய அரசுக்கு எழுதி முடிவைத் தள்ளிவைக்கச் செய்தது சரியென்றே நினைக்கிறேன். 2014இல் யூனிகோடு 7.0இல் கிரந்தம் தனிப் பகுதியாக வந்தபோது அந்த ஐந்து எழுத்தும் அதில் இல்லை. ஆவணத்தைப் படித்து, வரிவரியாக மறுப்பெழுதியவர்களால் கிடைத்த பயன் அது. அறிக்கை மட்டும் விட்டவர்களுக்கு அதில் பங்கில்லை. அந்த நாள்களில் கண்டன அறிக்கை ஒன்றை அடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தவர், யூனிகோடிலே போடுகிறேன் என்றதற்கு, "அதெல்லாம் நமக்கு வேணாம்" என்றார். யூனிகோடில் தமிழ் எப்படி இருக்க வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தவர் அவர்.

ஆரவாரமில்லாமல் நடந்த வேலைகள் வேறு. 2005இல் யூனிகோடு 4.1இல் தமிழ்ச் சுழியம் சேர்ந்தது. அதே பதிப்பில் 'ஶ' வந்தது. அதனால் இன்று கோயில் பெயர்களில் வரும் 'ஸ்ரீ' சிலர் கோப்பில் ஒரு மாதிரியும் சிலர் கோப்பில் இன்னொரு மாதிரியும் பதிவாகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், தேடினால் ஒன்றுதான் அகப்படும். பெயர்ப் பட்டியல் அடிக்கும் என் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2019இல் யூனிகோடு 12.0இல் முந்திரி, காணி, மா என்று பழைய பின்னங்களும் கணக்குக் குறிகளும் 51 வந்து சேர்ந்தன. பழைய நிலப் பத்திரங்களையும் கணக்கேடுகளையும் அப்படியே அடிக்க இன்று முடிகிறது. இதற்காக உழைத்தவர்களுக்கு எந்த ஊரிலும் பொன்னாடை போர்த்தியதாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது என்னிடம் வரும் வேலையில் பாதி, பழைய கோப்புகளை மாற்றுவது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்கள், மூடிய தோட்டங்களில் இருந்த கோயில்களின் வரலாற்றுக் குறிப்புகள், இறந்துபோன எழுத்தாளர்களின் அச்சேறாத நாவல்கள். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆன பின், அந்த ஊர்களைப் பற்றித் தமிழில் மிஞ்சியது பல நேரம் இந்த வட்டுகள் மட்டும்தான். பாமினி என்றால் மாற்றிவிடலாம், திஸ்கி என்றால் மாற்றிவிடலாம், டேபும் அப்படியே. அவற்றின் அட்டவணை பொதுவில் இருக்கிறது. பூட்டி வைக்கப்பட்ட அட்டவணையில் அடித்தவைதான் நிற்கின்றன. அச்சிட்ட படி ஒன்று கிடைத்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் குறி 'ளு'வா 'னு'வா என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அட்டவணையை நானே திரும்பக் கட்டுகிறேன். படி கிடைக்காதபோது உறையில் போட்டு, உரியவர் பெயரை எழுதி வைக்கிறேன்.

அந்த எழுத்துருக்களைச் செய்த பலர் இன்னும் இருக்கிறார்கள். விற்பனை நின்று இருபது வருடமாகிறது. இனி அந்த அட்டவணையால் யாருக்கும் ஒரு வெள்ளி வரப்போவதில்லை. எட்டு பிட்டில் எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று காட்டும் ஒரே ஒரு தாள் போதும். உத்தமமோ தமிழ் இணையக் கல்விக்கழகமோ கேட்டு வாங்கி ஓரிடத்தில் வைக்கட்டும். அதுவும் முடியாதென்றால், யாரிடம் இருந்தாலும் கிள்ளானில் எந்தத் தமிழ் அச்சகத்திலாவது கொடுத்துவிட்டுப் போகட்டும், என்னிடம் வந்து சேரும்.